பட்டதும் எழுதியதும்: ஜி. நாகராஜன் பற்றிய கதைகளை முன்வைத்து

1

ஜி. நாகராஜன் நினைவு நாளை ஒட்டி நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரில் நடந்திருந்தாலும் அந்தக் கூட்டம் அப்படித்தான் நடந்திருக்கும். ஆறு பேர் பேசினார்கள். ஒருவர் அவர் கடன் கேட்ட கதையைச் சொன்னார். இன்னொருவர் அவருடைய அழுக்கு வேட்டியைப் பற்றிச் சொன்னார். மூன்றாமவர், ஒரு காலத்தில் மடிப்புக் கலையாத வெள்ளை உடையில் அவர் வகுப்புக்குப் போனதைச் சொல்லி, அந்த வேட்டியையும் இந்த வேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குரல் தழுதழுத்தார். பிறகு சாராயம் வந்தது, கஞ்சா வந்தது, லாட்ஜ் வந்தது, கடைசியாக ஆஸ்பத்திரி வந்தது. இரண்டரை மணி நேரத்தில் அவர் எழுதிய ஒரு வாக்கியம்கூட அந்த மேடையில் வாசிக்கப்படவில்லை. பேசிய ஆறு பேரில் அவரை நேரில் கண்டவர் ஒருவர். மற்ற ஐவரும் கண்டவர்களைக் கண்டவர்கள்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது, கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “சார், அவர் எப்படி வாழ்ந்தாரோ அப்படியே எழுதினார், இல்லையா?” என்று கேட்டான். அன்று மாலை அவன் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது. அவனிடம் அப்போது சரியாகப் பதில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. “நீ எதைப் படித்திருக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்டேன். “இனிமேல்தான் சார்” என்றான். அவன்மீது குற்றமில்லை. படிக்காமலேயே ஒருவரைத் தெரிந்துகொண்டுவிடலாம் என்ற வசதியைச் செய்து கொடுத்தவர்கள் நாம். இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில். ஆனால் அவனைவிட நம் வட்டத்து நண்பர்களுக்கே இது அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

“வாழ்ந்ததை அப்படியே எழுதினார்” என்பது பாராட்டுப்போல ஒலிக்கும் ஒரு வசை. அதன் நேர்ப்பொருள், அவர் எழுதவில்லை என்பதுதான். அவருக்கு நடந்தது, அது தாளில் இறங்கியது, இடையில் பேனா பிடித்த ஒரு மூளைக்கு வேலையே இருக்கவில்லை என்று பொருள். நாம் வெறுக்கும் ஒரு எழுத்தாளனைப் பற்றிக்கூட இவ்வளவு மோசமாகச் சொல்ல மாட்டோம்.

2

1963இல் ‘குறத்தி முடுக்கு’, 1971இல் ‘கண்டதும் கேட்டதும்’, 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’. உயிரோடு இருந்தபோது புத்தகமாக வந்தவை என்று முக்கியமாகச் சொல்லக்கூடியவை இந்த மூன்றும்தான். ‘பித்தன் பட்டறை’ என்று ஒரு பெயர் வைத்துத் தன் எழுத்தைத் தானே வெளியிட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர். 1929இல் பிறந்து 1981 பிப்ரவரி 19இல் மதுரையில் இறந்தார். ‘ஜி. நாகராஜன் படைப்புகள்’ என்ற முழுத்தொகுப்பு 1997இல்தான் காலச்சுவடு வெளியீடாக வந்தது. பதினாறு வருஷ இடைவெளி. இந்தப் பதினாறு வருஷத்தில் அவருடைய கதைகளைத் தேடிக் கிடைக்காதவர்களுக்கு அவரைப் பற்றிய கதைகள் தாராளமாகக் கிடைத்தன. வழக்கம் அங்கே தொடங்கியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகம் கடையில் கிடைக்கத் தொடங்கிய பிறகும் வழக்கம் ஏன் மாறவில்லை?

அவருடைய சிறுகதைத் தொகுதியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்டதும் கேட்டதும். இதை வைத்துக்கொண்டுதான் நம் நண்பர்கள், “பார், அவரே சொல்லிவிட்டார், கண்ணால் கண்டது காதால் கேட்டது, கற்பனையே இல்லை” என்கிறார்கள். தமிழில் “கண்டது கேட்டது பட்டது” என்று மூன்றாவதாகவும் ஒரு வார்த்தை உண்டு. பட்டதைப் பற்றி அந்தத் தலைப்பு வாய் திறக்கவில்லை. வேறு எவனையும்விட அதிகம் பட்டவன் என்று எவரைப் பற்றி நாம் உருகுகிறோமோ, அவர் தன் புத்தகத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்த வார்த்தையை வெளியே நிறுத்திவிட்டார். காண்பவன் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். கேட்பவன் தான் பேசாமல் இருக்க வேண்டும். இது ஒரு கலைஞன் தனக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கு. நாம் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவர் வேண்டாமென்று விட்டதை அவர் தலையில் கட்டுகிறோம்.

‘டெர்லின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்’ என்ற கதை இருக்கிறது. தலைப்பில் மனிதருக்குப் பெயரில்லை. உடைதான் உண்டு. கதை தேவயானை என்ற விலைமாதின் அறைக்குள் நிற்கிறது. ஒருவர் வருகிறார். வந்தாரா, வரவில்லையா என்பதே பிறகு சந்தேகமாகிவிடுகிறது. வாழ்ந்ததை அப்படியே எழுதுகிறவர் என்றால் இந்தக் கதையை யார் பக்கத்திலிருந்து எழுதியிருக்க வேண்டும்? வந்து போகிறவர் பக்கத்திலிருந்து. நம் கூட்டங்களில் சொல்லப்படுகிற நாகராஜனுக்கு அந்த அறையில் கிடைக்கக்கூடிய இடம் அதுதான். ஆனால் கதை வந்தவரோடு வருவதும் இல்லை, அவரோடு போவதும் இல்லை. காத்துக்கொண்டிருப்பவளோடு இருக்கிறது. எத்தனை வருஷம் எந்தத் தெருவில் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒருவனுக்கு அனுபவமாகக் கிடைக்காது. அதை யோசித்துத்தான் அடைய வேண்டும். அந்த யோசனைக்குப் பெயர்தான் சிருஷ்டி. மிகப் பழைய வார்த்தை; வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

‘நாளை மற்றுமொரு நாளே’ ஒரு நாளைக்குள் அடங்கும் நாவல். கந்தனின் ஒரு நாள். ஒரு நாள் என்பது வாழ்க்கையில் கிடைக்கிற வடிவம் அல்ல. வாழ்க்கையில் நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எதை எந்த மணிக்கு நடத்துவது, எதை இன்றைக்கு நடக்கவிடாமல் பேச்சில் மட்டும் வரச் செய்வது, யாரைத் தெருவில் எதிர்ப்பட வைப்பது என்ற தீர்மானங்களை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். கந்தனுக்காகப் பரிதாபப்படச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அவனை வெறுக்கச் சொல்லியும் இல்லை. பெயரடைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு எடுக்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று, ஒரு பக்கமாவது உரைநடை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘குறத்தி முடுக்கு’வில் ‘நான்’ என்று ஒருவன் பேசுகிறான். உடனே அது ஆசிரியர் என்று முடிவு கட்டிவிட்டோம். தங்கத்தின் மீது அவன் கொண்ட காதலை அவன் சொல்லச் சொல்ல, அவன் சொல்ல நினைக்காத அவனுடைய கோழைத்தனமும் சேர்ந்து வெளிவருகிறது. சொல்பவனுக்குத் தெரியாதது வாசகனுக்குத் தெரிகிறதென்றால், நடுவில் சொல்பவன் அல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேலை செய்கிறார். அவர்தான் ஜி. நாகராஜன். அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

இன்னொரு கதையின் பெயர் ‘யாரோ முட்டாள் சொன்ன கதை’. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தை நினைவில் வைத்திருப்பவர் மட்டுமே வைக்கக்கூடிய தலைப்பு இது. தெருவிலிருந்து நேராகத் தாளுக்கு வந்த எழுத்து என்கிறவர்கள் இந்தத் தலைப்புக்கு என்ன சொல்வார்கள்?

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில், “கணித ஆசிரியராக இருந்ததால் அவர் வாக்கியங்களில் ஒரு சமன்பாட்டின் துல்லியம் இருக்கிறது” என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்து மகிழ்ந்துபோனேன். மறுநாள் படித்தபோதுதான் புரிந்தது: அந்தக் கூட்டத்துப் பேச்சாளர்கள் சாராயத்தை வைத்துச் செய்ததை நான் கணக்கை வைத்துச் செய்திருக்கிறேன். ஊரெல்லாம் கணக்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். துல்லியமான உரைநடை எழுதியவர் ஒருவர். வரியை அடித்துவிட்டேன். வியாதி நம் எல்லோருக்கும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

3

நாகராஜனோடு இது ஆரம்பிக்கவில்லை. பாரதி என்றால் யானை. கு.ப.ரா. என்றால் மங்கிய கண். புதுமைப்பித்தன் என்றால் திருவனந்தபுரமும் க்ஷயரோகமும். செல்லப்பா என்றால் ஊர் ஊராகச் சுமந்த புத்தக மூட்டை. மௌனி என்றால் இருபத்துநாலு என்ற எண். நாகராஜன் என்றால் குடி. ஒவ்வொருவருக்கும் ஒரு வாகனம் கொடுத்து, கோவில் சுவரில் எழுதிவைத்த மாதிரி வைத்திருக்கிறோம். விழா நாளில் வாகனத்தை இறக்கித் துடைத்து, ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மறுபடி மண்டபத்தில் ஏற்றிவிடுகிறோம். மூலவரைப் போய்ப் பார்ப்பவர் கிடையாது.

இதில் நமக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு லாபங்கள் தெரிகின்றன. ஒன்று, படிக்கும் வேலை மிச்சம். இரண்டாவது லாபம் பெரியது. குடித்து அழிந்தார் என்று சொல்லிவிட்டால், அவரவர் விதி என்று கணக்கை முடித்துவிடலாம். 1963லிருந்து 1981 வரை பதினெட்டு வருஷம் அந்த மனிதரின் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படித்து, இது சரி, இது போதாது என்று சொல்ல யார் இருந்தார்கள்? தன் புத்தகத்தைத் தானே அச்சடிக்க வேண்டிய நிலைமையில் அவரை விட்ட பதிப்புலகம் எது? சன்மானம் என்ற வார்த்தைக்குச் சிறுபத்திரிகையில் பொருள் உண்டா? இந்தக் கேள்விகளெல்லாம் நம் பக்கம் திரும்பும் கேள்விகள். சாராய பாட்டிலை நடுவில் நிறுத்திவிட்டால் அவை திரும்பாது.

4

இது தமிழனின் தனிப்பட்ட நோய் என்றும் நான் சொல்ல வரவில்லை. நாகராஜன் இறந்த அதே 1981இல், நியூயார்க்கில் ரேமண்ட் கார்வர் என்ற அமெரிக்கச் சிறுகதைக்காரரின் இரண்டாவது முக்கியமான தொகுதி வெளிவந்தது. ‘காதலைப் பற்றிப் பேசும்போது நாம் என்ன பேசுகிறோம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கார்வர் 1938இல் பிறந்தவர். தகப்பனார் மர அறுப்பு ஆலைத் தொழிலாளி. இருபத்தொரு வயது ஆவதற்குள் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேளையில் துப்புரவுத் தொழிலாளியாக வேலை பார்த்திருக்கிறார். குடி அவரைப் பலமுறை ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் படுக்க வைத்தது. 1977 ஜூன் 2இல் குடியை விட்டார். 1988இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு ஐம்பது வயது. நாகராஜன் இறந்தது ஐம்பத்தொன்றில்.

அந்த 1981ஆம் வருஷத் தொகுதியின் வாக்கியங்கள் மிகவும் குட்டை. கதைகள் நடுவில் அறுந்ததுபோல நிற்கும். அமெரிக்க விமர்சகர்களும் நம்மைப் போலவே ஆரம்பித்தார்கள். பட்ட பாடு பேசுகிறது, ஏழ்மையின் வாக்கியம் இது, குடித்துக் களைத்த மனிதனுக்கு இவ்வளவுதான் பேச வரும் என்றார்கள். வாழ்க்கையும் நடையும் ஒன்றே என்று நிரூபித்தாகிவிட்டது.

1998இல் டி.டி. மாக்ஸ் என்ற பத்திரிகையாளர், இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கும் காகிதங்களைப் பார்த்துவிட்டு எழுதினார். அவை நாஃப் பதிப்பகத்தில் கார்வருக்கு எடிட்டராக இருந்த கார்டன் லிஷ் என்பவருடைய காகிதங்கள். கார்வர் கொடுத்த பிரதியில் பாதிக்கு மேல் லிஷ் வெட்டியிருந்தார். முடிவுகளை மாற்றியிருந்தார். தலைப்புகளை மாற்றியிருந்தார். புத்தகத்தை நிறுத்திவிடும்படி மன்றாடி 1980 ஜூலை 8இல் கார்வர் எழுதிய கடிதமும் இருக்கிறது. புத்தகம் நிற்கவில்லை, வந்தது, புகழும் வந்தது. வெட்டப்படாத மூலப் பிரதி 2009இல் தனிப் புத்தகமாக அச்சாயிற்று. ஏழ்மையின் வாக்கியம் என்று எதைப் புகழ்ந்தார்களோ, அதில் பெரும்பகுதி சம்பளம் வாங்கிய ஒரு எடிட்டரின் பேனாவிலிருந்து வந்தது. வாழ்க்கையிலிருந்து நடையை எடுத்துக்காட்டிய கட்டுரைகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

லிஷ் செய்தது சரியா தவறா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, விவாதிக்க அவர்களிடம் காகிதம் இருக்கிறது என்பது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடியை விட்ட கார்வருக்கு 1983இல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் முப்பத்தையாயிரம் டாலர் வீதம், வேறு உத்தியோகம் பார்க்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒரு நிதி கிடைத்தது. அவருடைய கடைசிப் பத்து வருஷத்து எழுத்தை அங்கே யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. அந்தப் பணம் நம்மிடம் இல்லை. சரி. காகிதத்தைக் காப்பாற்றவுமா பணமில்லை?

5

“வாழ்க்கை வேறு, எழுத்து வேறு என்று அறுத்துவிட முடியுமா?” என்று கேட்பார்கள். நான் அறுக்கச் சொல்லவில்லை. சுந்தர ராமசாமி ‘நினைவோடை’ வரிசையில் நாகராஜனைப் பற்றிச் சொன்னது பழகியவரின் சாட்சியம். அதற்கு ஒரு மரியாதை உண்டு. சாட்சி சொன்னவரைக் குறை சொல்வதற்கில்லை. சாட்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட பொருளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவராமலே வழக்கை நடத்துகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டிய விவரங்கள் இருக்கின்றன. எந்தக் கதை எந்த மாதம் எந்தப் பத்திரிகையில் வந்தது? பத்திரிகையில் வந்ததற்கும் புத்தகத்தில் வந்ததற்கும் வித்தியாசம் என்ன? எதை அவரே திருத்தினார்? புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் இதைச் செய்து காட்டினார். கதைகள் வெளிவந்த காலம் தெரிந்த பிறகு, புதுமைப்பித்தனைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவது கொஞ்சமாவது சிரமமாகிவிட்டது. அந்தச் சிரமத்தைத்தான் நாகராஜன் விஷயத்திலும் நான் வேண்டுகிறேன்.

தனிமனிதர்கள் செய்திருக்கிறார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் காசில் சேர்த்தது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எங்கள் ஜில்லாவிலேயே, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த இடம். கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். என்னிடம் பழைய சிறுபத்திரிகைகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துப் போட்டது. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. அதில் எந்தெந்த இதழ்கள் இருந்தன என்று ஒரு பட்டியல்கூட நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் அந்த இதழ்களை நடத்தியவர்களைப் பற்றிய கதைகள் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கின்றன. எவனைத் திட்டி இந்தக் கட்டுரையை எழுதுகிறேனோ, அவன் நான்தான்.

எங்கள் ஊரில் பாடு என்ற வார்த்தைக்கு இரண்டு பொருள். பட்ட கஷ்டமும் பாடு, பிடித்து வந்த மீனும் பாடு. “பாடு எப்படி?” என்று கரையில் கேட்டால் மீனைத்தான் கேட்கிறார்கள். ஒருநாள் காலை ஏலத்தில், இளவட்டம் ஒருவன் கூடையை இறக்கிவிட்டு, “ராத்திரி பூரா காத்துலயும் மழையிலயும் கெடந்து கொண்டாந்தது அண்ணே” என்று ஆரம்பித்தான். ஏலம் எடுக்க வந்த பெரியவர் அவன் தோளில் கை வைத்து, “தெரியும்டா தம்பி. செவுளத் தூக்கு” என்றார். அவர் சொன்னதில் ஈரமில்லாமல் இல்லை. அவரும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தான். ஆனால் மீனை மீனாகப் பார்த்து விலை சொல்வதுதான் அவன் பட்டதற்குச் செய்யும் மரியாதை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பிப்ரவரி 19க்கும் கூட்டம் போடுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள் என்றால் ஒரு நிபந்தனை வைப்பேன். பேச வருகிறவர் ஒவ்வொருவரும் நாகராஜன் கதை ஒன்றைக் கையில் கொண்டு வர வேண்டும். அது முதலில் எதில், எப்போது வந்தது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். அதிலிருந்து ஒரு பத்தியை உரக்க வாசித்து, அந்தப் பத்தியைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடும். முடியட்டும். அந்த மாணவனுக்கு அரை மணி நேரம் போதும்.